"ஒரே வேர்ஷன்தானே?" எண்டு கேட்டினம், "ஓம்" எண்டு சொல்லிப்போட்டன்



போன எபிசோட்டில் பழைய சேர்வரை விட்டுப் புதுச் சேர்வருக்கு மாறுவதைப் பற்றிக் கதைக்கும்போது, "கீழ இருக்கிற லைப்ரரியின்ட வேர்ஷன் மாறினால் குவெரியும் பிழைக்கும்" என்று ஒரு வசனம் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். "எரர் வந்தால் பாத்துத் திருத்தலாம்தானே, இதில என்ன பெரிய கதை?" என்று உங்களில் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. மைக்குக்கு முன்னால ரெண்டு நிமிஷத்தில சொல்லேலாத பதில். அதனால இந்தமுறை மடல் கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்று போட்டுக்கொண்டு வந்து வாசியுங்கோ.

என்ட கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எரர் வருகிற பிழைக்கு நான் பயப்படுவதில்லை. லொக்கில் ஒரு சிவப்பு வரியும் இல்லாமல், குவெரி அமைதியாகப் பிழையான பதிலைத் தருகிறதே, அதற்குத்தான் பயம். "இயங்குதளத்தை மாத்திறது டேட்டாவைத் தொடாத வேலை" என்று நாங்கள் நம்பிக்கொண்டிருக்கும்வரை அந்தப் பிழை திரும்பத் திரும்ப வரும். நானும் அப்படி நம்பினவன்தான். அந்தக் கதையையும் கீழே சொல்கிறேன்.

மூன்று விதமான பிழை

வேர்ஷன் பொருந்தாமல் வருகிற பிழைகளை நான் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

முதலாவது, நேர்மையான பிழை. போஸ்ட்கிரெஸ் 14ஆம் வேர்ஷன் 2021 செப்டெம்பரில் வந்தபோது, கடவுச்சொல்லைச் சேமிக்கிற இயல்பான முறையை ஸ்க்ராம் என்ற புது முறைக்கு மாற்றினார்கள். சேர்வர் புதுசு, ஆனால் உங்கட கொம்பியூட்டரில் இருக்கிற லிப்பிகியூ லைப்ரரி பழசு என்றால், இணைய முயன்றதும் ஒரு செய்தி வரும்: இந்த முறைக்கு லிப்பிகியூ 10 அல்லது அதற்கு மேற்பட்ட வேர்ஷன் தேவை. என்ன பிழை, எது பழசு, எந்த வேர்ஷன் வேணும், மூன்றும் ஒரே வசனத்தில் இருக்கிறது. இப்படி எரர் எழுதின புண்ணியவான்களுக்குக் கோயில் கட்டலாம்.

இரண்டாவது, விளங்காத பிழை. 2023 ஜனவரியில் எஸ்கியூஎல்அல்கெமி 2.0 வந்தது. பைத்தனில் வேலை செய்கிற பலருக்கு அந்தக் கிழமை ஞாபகம் இருக்கும். பாண்டாஸ் அப்போது 1.5 இல் நின்றது, 2.0 ஏப்ரலில்தான் வந்தது. நடுவில் இருந்த மாதங்களில், வேர்ஷனைப் பூட்டி வைக்காமல் புதுசாக இன்ஸ்டோல் பண்ணின ஆட்களுக்கு, நேற்றுவரை ஓடின குவெரி இன்றைக்கு "இந்தப் பொருளுக்கு எக்ஸிக்யூட் என்று ஒன்று இல்லை" என்று விழுந்தது. குவெரியில் ஒரு பிழையும் இல்லை. டேபிளிலும் இல்லை. ஆனால் செய்தியில் வேர்ஷன் என்ற சொல்லே வராது. அதனால எல்லாரும் குவெரியைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நேரம் போகும், தலையிடி வரும், ஆனாலும் வேலை நின்றுவிடும். பிழையான பதில் ஒன்றும் ஒருத்தரிடமும் போய்ச் சேராது.

மூன்றாவது, ஊமைப் பிழை. இந்த மடல் அதைப் பற்றியதுதான்.

2018 ஓகஸ்ட் 1: நாங்கள் வாணவேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம்

லினக்ஸ் சேர்வர்களில் பெரும்பாலானவற்றின் அடியில் ஜிலிப்சி என்ற ஒரு லைப்ரரி இருக்கிறது. மற்ற எல்லாச் சொஃப்ட்வெயாரும் அதன்மேல்தான் நிற்கும். அதன் 2.28ஆம் வேர்ஷன் வெளிவந்த நாள் 2018 ஓகஸ்ட் 1. சுவிஸின்ட பிறந்தநாள். நாங்கள் செர்வலா வாட்டிக்கொண்டு நின்ற நேரம், எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகள் முழுக்கப் புதுப்பிக்கப்பட்டன. இந்த விதிகளுக்குத்தான் கொலேஷன் என்று பெயர்.

என்ன மாறினது என்று பார்க்க ஒரு சின்னப் பரிசோதனை போதும். "1-1" என்று ஒரு வரி, "11" என்று ஒரு வரி எழுதி, சோர்ட் பண்ணச் சொல்லுங்கோ. பழைய ஜிலிப்சியில் 11 முதலில் வரும். 2.28 இலிருந்து 1-1 முதலில் வரும். பழைய விதி இடைக்கோட்டைக் கிட்டத்தட்டக் கணக்கிலேயே எடுக்காது. புது விதி அதையும் ஒரு எழுத்துப் போலக் கணக்கில் எடுத்து, எண்களுக்கும் எழுத்துகளுக்கும் முன்னால் வைக்கிறது.

"இவ்வளவுதானா?" என்று நினைப்பீர்கள். இந்த நாட்டில் இடைக்கோடு எவ்வளவு இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கோ. லா ஷோ-டி-ஃபோன். இவெர்டோன்-லே-பான். கலியாணம் கட்டினவர்கள் இரண்டு குடும்பப் பெயரையும் கோடு போட்டுச் சேர்த்து எழுதுகிற வழக்கம். இரட்டை முதற்பெயர்கள். சுவிஸ் டேட்டாபேஸ் ஒன்றில் பெயர் என்ற நிரலைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் இடைக்கோடுதான்.

இது குவெரியை எப்படிப் பிழைக்க வைக்கும்? டேட்டாபேஸ் இன்டெக்ஸ் என்பது அகராதி மாதிரி. வரிசை தெரிந்தால்தான் நடுவில் விரித்து, "இதுக்கு முன்னா, பின்னா" என்று பாதி பாதியாகத் தள்ளித் தேடலாம். மையர்ஹான்ஸ், மையர்-முல்லர் என்று இரண்டு பெயர்களை எடுங்கோ. பழைய விதியில் கோட்டைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், ஜெர்மன் அரிச்சுவடியில் 'ஹா' என்ற எழுத்து 'எம்'முக்கு முன் வருவதால், மையர்ஹான்ஸ் முதலில், மையர்-முல்லர் பின்னால். இன்டெக்ஸில் அப்படியே எழுதி வைத்தாகிவிட்டது. இப்போது லைப்ரரி மாறுகிறது. புது விதிப்படி மையர்-முல்லர்தான் முதலில் வர வேண்டும். தேடுகிற குவெரி மையர்ஹான்ஸில் வந்து நின்று, "மையர்-முல்லர் இதுக்கு முன்னுக்குத்தான் இருக்க வேணும்" என்று இடப்பக்கம் போகும். ஆள் வலப்பக்கத்தில் இருக்கிறார். குவெரி முடிந்தது: சுழியம் வரிகள். எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. கோடே இல்லாத மையர்ஹான்ஸும் இதே மாதிரித் தொலையலாம், தேடல் மையர்-முல்லரில் வந்து நின்று திரும்பினால்.

தமிழ்ப் பள்ளியில் படித்ததை வைத்தும் இதைப் பார்க்கலாம். மெய்யெழுத்து வரிசை 'ன்'இல் முடியும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். யூனிகோட் அட்டவணையிலோ 'ன' இருப்பது 'ந'வுக்குப் பக்கத்தில்; 'ஜ' இருப்பது 'ச'வுக்கும் 'ஞ'வுக்கும் நடுவில். அந்த அட்டவணைப்படி அடுக்கின அகராதியை, ரீச்சர் சொல்லித் தந்த வரிசையில் புரட்டினால் பாதிச் சொல் கிடைக்காது. சொல் உள்ளேதான் இருக்கும்.

"ஒரே வேர்ஷன்தானே?"

இனி என்ட கதை. 2024 வசந்தம். வயதானவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் பராமரிப்புச் செய்கிற ஒரு சேவை, பெயர் வேண்டாம். அவர்களுடைய டேட்டாபேஸ் சென்ட்ஓஎஸ் 7 இல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30 உடன் முடிகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அதுக்குள்ள மாற்ற வேணும். ஒப்பந்தத்தில் நான்.

இரண்டு வழி இருந்தது. ஒன்று, டேட்டாவை முழுசாக எழுத்தாக இறக்கி, புதுச் சேர்வரில் திரும்ப ஏற்றுவது. அப்படிச் செய்தால் இன்டெக்ஸ்கள் புது விதிப்படி புதுசாகக் கட்டப்படும், ஆனால் பல மணித்தியாலம் சிஸ்டம் நிற்கும். மற்றது, டிஸ்க்கில் இருக்கிற ஃபைல்களை அப்படியே நகலெடுத்து, ரெப்ளிகேஷன் மூலம் ஒத்திசைய வைத்து, ஒரு ஞாயிறு இரவு பத்து நிமிடத்தில் மாறுவது. அவர்களுக்கு நீண்ட நேரம் நிறுத்தேலாது. இரவிலும் ஆட்கள் வேலை. நான் இரண்டாவது வழியைச் சொன்னேன்.

கூட்டத்தில் அவர்களுடைய பொறுப்பாளர் கேட்டது ஒரேயொரு கேள்விதான். "ரெண்டு பக்கமும் ஒரே வேர்ஷன்தானே?" நான் "ஓம்" என்றேன். இரண்டு பக்கமும் போஸ்ட்கிரெஸ் 13. பொய் இல்லை. ஆனால் பழைய சேர்வரில் ஜிலிப்சி 2.17, புதுசில் 2.34. அதை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மாற்றம் வடிவாக முடிந்தது. பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. திங்கள் மத்தியானம் ஒரு அழைப்பு: ஒரு அம்மாவின்ட கோப்பு இல்லை. இடைக்கோடு போட்ட பெயர். அலுவலகத்தில் இருந்த பெண், பெயர் போட்டுத் தேடி, கிடைக்காததால், புதுசாக ஒரு பதிவைத் திறந்துவிட்டார். ஒரே பெயர், ஒரே பிறந்த திகதி இரண்டு தரம் வரக்கூடாது என்று டேபிளில் கட்டுப்பாடு இருந்தது. அதுவும் இன்டெக்ஸைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். இன்டெக்ஸுக்கே ஆளைத் தெரியாததால் அதுவும் விட்டுவிட்டது. மருந்துப் பட்டியல் பழைய பதிவில். புதுப் பதிவு வெறுமை. அன்று வீட்டுக்குப் போன தாதியின் டேப்லெட்டில் மருந்து ஒன்றுமே காட்டவில்லை.

ஆபத்து ஒன்றும் நடக்கவில்லை. அந்த அம்மாவின் மகள் பட்டியலை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தார். நாங்கள் செய்த வேலையில் எதுவும் அவரைக் காப்பாற்றவில்லை. அந்தத் தாள்தான் காப்பாற்றியது.

எப்படிப் பிடித்தேன்

முதல் மூன்று மணித்தியாலம் பிழையான பக்கத்தில் தேடினேன். உம்லவுட் எழுத்துகளின் குறியாக்கம் மாறிவிட்டதா, டிரைவர் பழசா, ரெப்ளிகேஷனில் வரிகள் விடுபட்டதா. ஒன்றும் இல்லை.

திருப்புமுனை ஒரு சின்ன விஷயம். வாடிக்கையாளர் இலக்கத்தால் தேடினால் அந்த அம்மா இருக்கிறார். பெயரால் தேடினால் இல்லை. ஒரே டேபிள், ஒரே வரி. எண்களின் வரிசை எந்த லைப்ரரியிலும் மாறாது, எழுத்துகளின் வரிசைதான் மாறும். பிறகு இன்டெக்ஸைப் பாவிக்க வேண்டாம் என்று டேட்டாபேஸுக்குச் சொல்லிவிட்டு, பெயரால் தேடும் அதே குவெரியை ஓட்டினேன். முழு டேபிளையும் வரி வரியாகப் படித்து, ஆளைக் கொண்டுவந்து தந்தது. அந்த இடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. பழைய சேர்வரிலும் புதுசிலும் 1-1, 11 இரண்டையும் சோர்ட் பண்ணிப் பார்த்தேன். தலைகீழ்.

போஸ்ட்கிரெஸ் 10 இலிருந்து அம்செக் என்று ஒரு நீட்சி கூடவே வருகிறது. இன்டெக்ஸில் வரிசை குழம்பியிருக்கிறதா என்று அது சோதித்துச் சொல்லும். அதை ஓட்டினால் எழுத்து நிரல்களில் இருந்த பல இன்டெக்ஸ்கள் பழுது. திருத்துவதற்கு ரீஇன்டெக்ஸ், அதாவது இன்டெக்ஸைத் திரும்பக் கட்டுவது. ஆனால் அதற்குள் இரட்டைப் பதிவுகள் சேர்ந்துவிட்டதால் கட்ட முடியாது என்று மறுத்தது. அன்றைக்கு முழுக்க வந்த முதல் நேர்மையான எரர் அதுதான். ஒவ்வொரு இரட்டைப் பதிவையும் கையால் ஒப்பிட்டு, எது சரி என்று அலுவலகத்தாரிடம் கேட்டுச் சேர்த்த பிறகுதான் முடிந்தது. புதன் பின்னேரம்.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. 2014இலேயே ட்ரிப்அட்வைசரில் வேலை செய்த பொறியாளர் ஒருவர், முதன்மைச் சேர்வரிலும் நகல் சேர்வரிலும் ஜிலிப்சி வேறு வேறாக இருந்ததால் குவெரிகள் பிழைத்த அனுபவத்தைப் பகிரங்கமாக எழுதி எச்சரித்திருந்தார். 2019இல் டெபியன் 10உம் ரெட் ஹாட் 8உம் புது ஜிலிப்சியோடு வந்தபோது போஸ்ட்கிரெஸ் ஆட்கள் திரும்பவும் எழுதினார்கள். தகவல் இருந்தது. நான் வாசிக்கவில்லை.

எச்சரிக்கையின் வாயை மூடுவது

போஸ்ட்கிரெஸ் 15 (2022) இலிருந்து நிலைமை கொஞ்சம் நல்லது. டேட்டாபேஸ் எந்தக் கொலேஷன் வேர்ஷனோடு உருவானது என்று எழுதி வைத்துக்கொள்ளும். கீழே மாறினால் எச்சரிக்கும். டொக்கரில் அதிகாரபூர்வ போஸ்ட்கிரெஸ் இமேஜ் டெபியன் 11 இலிருந்து 12க்கு மாறினபோது பலருக்கு இது வந்தது: உருவாக்கினது 2.31, இப்போது இருப்பது 2.36.

நல்லது. ஆனால் ஆட்கள் என்ன செய்தார்கள்? எச்சரிக்கையைத் தேடினால், "இந்த ஒரு கட்டளையைப் போடுங்கோ, போய்விடும்" என்று பதில் கிடைக்கும். உண்மைதான், போய்விடும். அந்தக் கட்டளை செய்வது, பதிவில் இருக்கிற வேர்ஷன் எண்ணை மாற்றுவது மட்டும்தான். இன்டெக்ஸைத் தொடாது. முதலில் ரீஇன்டெக்ஸ், பிறகுதான் இந்தக் கட்டளை என்று ஆவணத்தில் இருக்கிறது. முதலாவதை விட்டு இரண்டாவதை மட்டும் செய்தால், காரில் எண்ணெய் விளக்கு எரியும்போது பல்பைக் கழற்றின கணக்கு.

என்ட கோபம் இங்கதான். ஒரு பிழையை நேர்மையாக்கப் பல வருஷம் எடுத்திருக்கிறார்கள். நாங்கள் ஒரு வரியில் அதைத் திரும்ப ஊமையாக்குகிறோம்.

"அப்ப ஒண்டையும் அப்டேட் பண்ணாமல் விடுவமோ?"

சிலர் இப்படிக் கேட்பார்கள். இல்லை. எல்லா வேர்ஷனையும் பூட்டிவிட்டுத் திறப்பைத் தொலைத்தவர்களின் நிலைமையை 2021 டிசெம்பரில் லொக்4ஜே ஓட்டை வந்தபோது பார்த்தோம். பூட்டவும் வேணும், நேரம் வரும்போது தெரிந்துகொண்டு திறக்கவும் வேணும்.

மற்றது, "இது பெரிய நிறுவனங்களின்ட பிரச்சினை, நாங்கள் சின்ன ஆட்கள்" என்ற வாதம். உங்களில் எத்தனை பேர் ஊர்ச் சங்கத்துக்கோ, கோயிலுக்கோ, விளையாட்டுக் கழகத்துக்கோ உறுப்பினர் பட்டியல் செய்து கொடுத்திருக்கிறீர்கள்? டொக்கரில் போஸ்ட்கிரெஸ், வேர்ஷன் இடத்தில் "லேட்டஸ்ட்". இடம் மிச்சம் பிடிக்க ஒருநாள் டெபியன் இமேஜை அல்பைனுக்கு மாற்றினால், அங்கே இருப்பது ஜிலிப்சியே இல்லை, மஸ்ல் என்ற வேறு லைப்ரரி. அது வெறும் குறியீட்டு எண் வரிசையில்தான் அடுக்கும். அதே ஃபைல்கள், அதே போஸ்ட்கிரெஸ், வேறு விதி. ஜிலிப்சி மாறினதுக்குச் சொன்னதெல்லாம் இதுக்கும் பொருந்தும்.

எங்கட ஆட்களுக்கு இது இன்னும் ஒரு காரணத்தால் முக்கியம். என்ட அப்பாவின் பெயர் மூன்று கடிதத்தில் மூன்று எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. ஒன்றில் அப்பப்பாவின் பெயர் முதற்பெயராகிவிட்டது. கவுண்டருக்குப் போனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் திரையைப் பார்த்துவிட்டு "அப்படி ஒருவர் இல்லை" என்பார். அப்பா அதை நம்பிவிடுவார், பிழை தன்னில்தான் என்று. நான் சின்னப் பொடியனாகப் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்திருக்கிறேன். இப்போது திரைக்குப் பின்னால் இருக்கிற குவெரியை எழுதுகிறவன் நான். சுழியம் வரிகள் என்றால் "ஆள் இல்லை" என்று அர்த்தம் இல்லை. "நான் தேடின வழியில் கிடைக்கவில்லை" என்றுதான் அர்த்தம். உங்கட செயலியில் அந்த வசனத்தை எழுதும்போது தயவுசெய்து இதை நினையுங்கோ.

செய்ய வேண்டியது

குவெரி பிழையான பதில் தந்தால், குவெரியை மாற்ற முதல் வேர்ஷன்களை எழுதுங்கோ. டேட்டாபேஸ், டிரைவர், அதுக்குக் கீழ ஜிலிப்சி அல்லது ஐசியூ. பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கமாக.

அதே குவெரியை இன்டெக்ஸோடும் இன்டெக்ஸ் இல்லாமலும் ஓட்டுங்கோ. எண்ணிக்கை வேறு வந்தால், பிழை உங்கட குவெரியில் இல்லை.

இயங்குதளம் மாறும்போது ஃபைல்களை நகலெடுக்க வேண்டாம். இறக்கி ஏற்றுங்கோ, அல்லது லொஜிக்கல் ரெப்ளிகேஷன் பாவியுங்கோ. நகல்தான் ஒரே வழி என்றால், ஆட்களை உள்ளே விட முதல் ரீஇன்டெக்ஸ்.

டொக்கரில் "16" என்று மட்டும் எழுதாமல் "16-புக்வோர்ம்" மாதிரி அடித்தளத்தையும் சேர்த்து எழுதுங்கோ. போஸ்ட்கிரெஸ் 17 (2024) இலிருந்து, கீழே இருக்கிற லைப்ரரியைச் சாராமல் போஸ்ட்கிரெஸுக்குள்ளேயே இருக்கிற ஒரு கொலேஷனைத் தெரிவு செய்யலாம். மனிசர் வாசிக்கிற பட்டியலுக்கு அது அழகான வரிசை தராது, ஆனால் தேடுகிற இன்டெக்ஸுக்குப் போதும்.

நான் இப்போது ஒஃபர் எழுதும்போது ஒரு வரி சேர்க்கிறேன்: "இயங்குதள மாற்றம் தரவைப் பாதிக்கும், சோதனைக்கும் இன்டெக்ஸ் திரும்பக் கட்டவும் இத்தனை மணித்தியாலம்." அந்த வரியால் விலை கூடும். ஒருமுறை அதனாலேயே வேலை வேறொருவருக்குப் போனது. கவலைதான், வாடகை கட்ட வேணுமே. ஆனாலும் அந்த வரியை எடுக்கவில்லை. "ஒரே வேர்ஷன்தானே?" என்று யாரும் கேட்டால், "எதின்ட வேர்ஷன்?" என்று திருப்பிக் கேட்கிறேன்.

திங்கள் காலை வேலைக்குப் போனதும் உங்கட சேர்வரில் 1-1, 11 இரண்டையும் ஒருக்கா சோர்ட் பண்ணிப் பாருங்கோ. டேட்டாபேஸ் முதலில் உருவான சேர்வர் இன்னும் இருந்தால், அதிலும். இரண்டும் வேறு வந்தால் இந்த மடலுக்குப் பதில் எழுதுங்கோ, சேர்ந்து பார்ப்பம். அடுத்த எபிசோட்டில் சந்திப்பம்.